ஜன்னலுக்குக் கீழே வைத்த பாட்டில்கள்

மல்லசமுத்திரத்தைத் தாண்டும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பையில் ஏற்கெனவே கரணை, தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கும் டியூப், இரண்டு சட்டை, ஒரு லுங்கி இருந்தன. கரணையின் பிடி ஒவ்வொரு அடிக்கும் முதுகில் இடித்தது. எடுத்து வேறு மாதிரி வைத்திருக்கலாம். அதற்கு நிற்க வேண்டும். நின்றால் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. ஒரு மணி நேரம் நடந்த பிறகும் அது அதே அளவில்தான் இருந்தது. முட்டை லாரிகளும் கல்லூரி பஸ்களும் உரசிக்கொண்டு போயின. ஒரு பஸ் ஜன்னலிலிருந்து யாரோ தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். அது உருண்டு வந்து காலருகே நின்றது. என்னை அறியாமல் குனிந்து எடுத்து, மூடி இருக்கிறதா என்று பார்த்தேன். ஐந்து மாதப் பழக்கம். இனி இது எதற்கு என்று தோன்றியதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி வைத்துவிட்டு நடந்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். அது எனக்குப் புதிதல்ல. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து இப்படித்தான் நடந்தேன். பிறகு ஜவ்வரிசி செய்யும் சேகோ மில், கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை, ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி. எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. எல்லா இடத்திலும் வேலை என்னை விட்டதைவிட நான் வேலையை விட்டதே அதிகம். ஆனால் அந்த இடங்களில் எல்லாம், நான் போனதால் யாருக்கும் எதுவும் நின்றுபோகவில்லை. இந்த முறை ஒரு சுவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அது ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே ஒரு காலனி. அங்கே அங்கன்வாடி ஒரு பழைய தறிக்கொட்டகையில் நடந்தது. கொட்டகைக்காரருக்குப் புதுத் தறிகள் வருவதாக இருந்தது, காலி செய்து கொடுக்கச் சொல்லிவிட்டார். சொந்தக் கட்டடம் இல்லையென்றால் பிள்ளைகளின் பதிவேட்டை ஊருக்குள் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஊர், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று வயதுப் பிள்ளைகள் காலையும் மதியமும் ரோட்டைக் கடக்க வேண்டும். கடக்க விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தானும் அந்தக் காலனியிலேயே பிறந்தவர்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம். நான் அங்கே பந்தியில் இலை எடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். அவர் மூட்டை மூட்டையாகக் காலி பாட்டில்களைக் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பாட்டிலில் மண்ணை அடைத்துச் செங்கல்லுக்குப் பதிலாக வைத்துக் கட்டிய சுவர். கொட்டகைக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடிக்கு அப்படி ஒரு கட்டடம் எழுப்ப நினைத்திருந்தார்.

"இதைக் கட்டத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் கெடைப்பாங்களான்னு தேடறனுங்க. பாக்கற கொத்தனாரெல்லாம் சிரிக்கறாங்க."

கடலோர ஊர் ஒன்றில் அப்படி ஒரு சுவர் கட்டும் இடத்தில் நான் இரண்டு மாதம் கூலிக்கு இருந்திருக்கிறேன். கலவை போட்டுக் கொடுத்ததுதான் என் வேலை, கட்டியது வேறு ஆள். ஆனாலும் "எனக்குத் தெரியுங்க" என்று சொன்னேன். வாழ்க்கையில் என்னை யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. காலனியில் முதல் நாளே கூப்பிட்டார்கள். பாட்டில் மேஸ்திரி.

வேலை கடினமில்லை, ஆனால் அலுக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்தூளைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். கழுத்து வரை நிரம்பியதும் மூடியைத் திருக வேண்டும். பிறகு படுக்க வைத்து அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அமுங்கினால் மறுபடி திறந்து குத்த வேண்டும். கல்தூளுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. போர் போடும் இடத்திலெல்லாம் பாறையை மாவாக்கிக் குவித்துவிட்டுப் போவார்கள். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று நிலத்துச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்கள் இருப்பார்கள். காலனியில் டிராக்டர் ஓட்டும் ஒருவர் இருந்தார், அவர் அள்ளி வந்து கொட்டினார். பெண்கள் வேலை முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு உட்கார்ந்து அடைப்பார்கள். டிராக்டர்காரர் பாட்டிலில் ஒரு கை தூள்கூடப் போட்டதில்லை. சுற்றி வந்து பேசுவார்.

"ஊரெல்லாம் கூல்ட்ரிங்ஸ் குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டாங்க. நாம அதுல செவுரு கட்டறோம். நாளைக்குச் செவுரு ஏப்பம் உடாமப் பாத்துக்குங்க மேஸ்திரி."

மூடிப்பக்கம் வெளியே, அடிப்பக்கம் உள்ளே. கழுத்துகளைத் தறியில் மிஞ்சும் கழிவு நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவேன். அந்த ஊரில் நூலுக்கும் பஞ்சமில்லை. வெளியே கலவை பூசி மூடிகளை மறைத்துவிடுவோம். உள்ளே பூச வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். பாட்டிலின் அடிப்பாகம் ஒவ்வொன்றும் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும், பிள்ளைகள் எண்ணிப் பழகட்டும் என்றார். நடு நடுவே பச்சை பாட்டில்களை வைக்கச் சொன்னார்.

மூன்று பக்கச் சுவர் எழும்பிவிட்டது. அப்போதுதான் மழை பிடித்தது. மழை நேரத்தில் யாரும் போர் போடுவதில்லை. கல்தூள் வரவில்லை. ஆனால் அடைத்த பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன.

மேற்குச் சுவருக்கு மூட்டையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். எடுத்த உடனே கைக்குத் தெரிந்தது. எடை பாதிகூட இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். திப்பி. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. சேகோ மில்லில் மாட்டுத்தீவனத்துக்கு வெயிலில் பரப்பிக் காய வைப்பார்கள். நானே ஒரு வருஷம் அதைக் காலால் தள்ளிக் காய வைத்திருக்கிறேன். காய்ந்தால் பொட்டுத் தண்ணீர் இருக்காது, இறுக்கினால் இரும்பு. நனைந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. காலனியில் மில் களத்துக்குப் போகிறவர் ஒருவர்தான். கணவன் லாரிக்குக் கிளீனர், ஒரே மகள் அங்கன்வாடியில் படிக்கிறாள். எல்லோரும் ஒரு மூட்டை அடைத்தால் அந்தத் தங்கச்சி மூன்று மூட்டை அடைக்கும். தூள் இல்லையென்று சும்மா உட்காரும் ஆளில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அத்தனை மூட்டையையும் கொட்டிப் பிரிக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் அங்கே இருக்க வேண்டும். எனக்கு அந்த இடம் அலுக்கத் தொடங்கியிருந்தது. மேஸ்திரி என்ற பேரும் பழையதாகிவிட்டது. மூடியைத் திருகி, பாட்டிலைத் தனியாக வைத்தேன். அடுத்து வந்த எடை குறைந்ததையும் அதன் பக்கத்தில் வைத்தேன். மாலைக்குள் இரண்டு குவியல் ஆகிவிட்டது. எடை குறைந்ததை ஜன்னல்களுக்குக் கீழே வைத்தேன். அங்கே மேலிருந்து பாரம் இறங்காது. மிச்சத்தைக் கடைசி வரிசையில், கூரை உட்காரப் போகும் இடத்துக்கு ஒட்டி வைத்தேன். கட்டடக்காரன் மாதிரி யோசித்ததாகவே நினைத்துக்கொண்டேன். பாரத்தை யோசித்தேன், ஈரத்தை யோசிக்கவில்லை. ஜன்னல் விளிம்புதான் மழைத்தண்ணீர் வடியும் இடம்.

பத்து நாளில் வாடை வந்தது. புளித்துப்போன மரவள்ளி வாடை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் கிழங்கு அரைக்கும் மாதங்களில் காற்றே அப்படித்தான் இருக்கும். சோற்றிலும் துணியிலும் அதுதான். "இன்னைக்கு மில்லுக் காத்து சாஸ்தி" என்று டீச்சர் சொல்லிக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஜன்னல் பக்கம் திரைத்துணி கட்டினார். நானும் மில் காற்றுதான் என்று நினைக்கப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் வெளிப்பூச்சு ஜன்னலுக்குக் கீழே உப்பி நின்றது. டீச்சர் விரலால் தொட்டதும் ஒரு பலகை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. மூடிகள் தெறித்திருந்தன. பாட்டில் கழுத்துகளிலிருந்து பழுப்பாக நுரைத்து வழிந்தது. எறும்பு மொய்த்திருந்தது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அந்த வாடையைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மில்லுக்குப் போகும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் மறைக்கவில்லை. "ஆமா, நாந்தான் அடைச்சேன். தூளு வரலை. கையக் கட்டிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? காஞ்சு கெட்டியாத்தான் இருந்துச்சு. மேல ஏறி நின்னுகூடப் பாத்தேன்."

"மாட்டுக்கு வெக்கறதைக் கொண்டாந்து செவுத்துக்கு வெச்சிருக்கறா. செவுரு பால் கறக்கும்னு பாத்தியா?" என்றார் டிராக்டர்காரர். சிலர் சிரித்தார்கள்.

"எத்தனை பாட்டிலுடீ?" என்று டீச்சர் கேட்டார்.

"எண்ணலீங்க டீச்சர். மூட்டையில கலந்து போட்டேன்." பிறகு என் பக்கம் கையைக் காட்டியது. "அண்ணன் ஒவ்வொண்ணாக் கையில எடுத்துத்தான வெச்சாரு? மேஸ்திரிக்கே தெரியலை. எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சூப்பர்வைசர் அம்மா கட்டடம் பார்க்க வருவதாக இருந்தது. அந்த அம்மா எழுதுவதை வைத்துத்தான் பதிவேடு இருக்குமா, ரோட்டைத் தாண்டிப் போகுமா என்பது. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பின்னால் போய்ப் பையை எடுத்தேன். தண்ணீர் குடிக்கப் போவதாக நினைத்திருப்பார்கள்.

ஒரு லாரிக்காரர் கடைசி ஐந்து கல் தூரத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் இறங்கினேன். அங்கே டீக்கடையில் பழைய ஆள் ஒருவர் இருந்தார். நான் ரிக்கில் இருந்தபோது அந்த வண்டிக்கு மேனேஜர்.

"என்றா, மறுபடியும் காத்து இந்தப் பக்கம் அடிக்குது?" என்றார்.

"வண்டி எதாச்சும் கெளம்புதுங்களா?"

"காலையில. மத்தியப் பிரதேசம். ஒரு ஆளு கம்மி. குழாய் மாத்தறதுக்கு வாறியா?" டீ வாங்கிக் கொடுத்தார். இங்கே தொழிலே இல்லை என்று புலம்பினார். மழை விட்டதும் போன வாரம் ஆட்டையாம்பட்டி ரோட்டில் ஒரு காட்டில் ஆயிரத்து இருநூறு அடி போட்டார்களாம். "தண்ணி ஒரு சொட்டு இல்லை. தூளு மட்டும் மலையாட்டம் கெடக்குது. காட்டுக்காரன் மூஞ்சியப் பாக்க முடியலை."

எந்தக் காடு என்று கேட்டேன். காலனியிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எதற்குக் கேட்டேன் என்று தெரியாது.

அப்போது டீச்சர் போன் செய்தார். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

"மேஸ்திரிங்களா? கடப்பாரையை எங்க வெச்சீங்க?"

எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கடப்பாரையைக் கேட்டார்.

"கூரை சீட்டுக்குப் பின்னாலங்க. தண்ணி டிரம் பக்கத்துல."

"சரீங்க. எங்கெங்க திப்பி இருக்குதுன்னு தெரியாம எதை விடறது? நாலு செவுத்தையும் தள்ளிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. காலையில டிராக்டர்ல கயிறு கட்டி இழுக்கறாங்களாம். நான் சூப்பர்வைசர் அம்மாவை வர வேண்டாம்னு சொல்லோணும்." பிறகு கேட்டார், "சாப்டீங்களா?"

"சாப்டனுங்க" என்றேன். சாப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது, தூங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மேற்குச் சுவர் ஜன்னல் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆறு வரிசை. மேலே கடைசி வரிசை. வேறு எங்கேயும் இல்லை. மற்ற மூன்று சுவரும் மழைக்கு முந்தியவை, முழுக்கக் கல்தூள். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான்.

விடிந்ததும் ரிக் வண்டிக்குச் சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நான் பையோடு கீழேயே நின்றேன்.

"ஏறுடா."

"நான் வரலீங்க."

மேனேஜர் சிரித்தார். "போன தடவை நாக்பூர்ல எறங்கிட்டு ஓடிவந்தவன். இந்தத் தடவை ஏர்றதுக்கு முன்னாலயே எறங்கிட்டயா? நல்ல முன்னேற்றந்தான்."

பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி போனது. கிடைத்த முதல் பஸ்ஸில் மல்லசமுத்திரம் வரை வந்து, மீதியைச் செருப்பில்லாமல் நடந்தேன். போய்ச் சேரும்போது டிராக்டர் மேற்குச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கயிறு விட்டு முடிச்சுப் போட்டாகிவிட்டது. டிராக்டர்காரர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தேன், சாதாரணமாகத்தான் வந்தது. டீச்சரிடம் போய்ச் சாக்பீஸ் கேட்டேன். தறிக்கொட்டகைக்குள் போய் ஒரு மஞ்சள் துண்டு எடுத்து வந்தார்.

உள்பக்கம் போய், ஜன்னல்களுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கோடு இழுத்தேன். கடைசி வரிசைக்குக் கை எட்டவில்லை, டிரம்மைக் கவிழ்த்து ஏறி நின்று இழுத்தேன். "இதை மட்டும் எடுத்தாப் போதுங்க. மத்ததெல்லாம் கல்தூளு."

"இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"எடுக்கும்போதே எடை தெரிஞ்சுதுங்க. தனியாப் பிரிச்சு, பார்த்துத்தான் வெச்சேன்."

டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்தார். மில்லுக்குப் போகும் பெண் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தது. என் முன்னால் வந்தது.

"நேத்து நீங்க இங்கதான நின்னீங்க?"

"ஆமா."

"காது கேட்டுச்சுல்ல? இத்தனை பேரு கேட்டதும், சிரிச்சதும்?"

"கேட்டுச்சு."

"ராத்திரி எம்புள்ள கேக்கறா, ஏம்மா செவுத்தைக் கெடுத்தேன்னு." அண்ணா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

டீச்சர்தான் இடையில் வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"எடுக்க இன்னைக்கு முழுக்க ஆகுங்க. திரும்ப அடைச்சு வெக்க ரெண்டு நாளு. திங்கக்கிழமைக்குப் பூச்சு காயாது."

"செவுரு நிக்குமா?"

"நிக்குங்க."

"நின்னாப் போதும். சீட்டைத் தூக்கி மேல வெச்சுருவோம்." அதோடு ஒன்று கேட்டார். "தூளுக்கு எங்க போறது?"

தண்ணீர் வராத அந்தப் போரைப் பற்றிச் சொன்னேன். டிராக்டர்காரர் இறங்கி, தானே முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டினார். அரை மணி நேரத்தில் ஒரு டிரெய்லர் நிறையச் சாம்பல் நிறத் தூளோடு வந்தார்.

பையிலிருந்து கரணையை எடுத்தேன். மில் பெண் கையை நீட்டியது.

"அதை இங்க குடுங்க. எடுக்கறதை நான் எடுத்துக்கறேன். கோடு போட்டிருக்குதுல்ல, எனக்குத் தெரியும். நீங்க உக்காந்து அடைங்க."

டீச்சரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் காலி பாட்டில் மூட்டை ஒன்றை இழுத்து வந்து என் அருகில் போட்டார்.

கரணையைக் கொடுத்துவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். ஐந்து மாதத்தில் நான் ஒரு பாட்டில்கூட அடைத்ததில்லை. மேஸ்திரி அடைப்பதில்லை. தூள் நைசாக இருந்தது, மூக்கில் ஏறியது. ஒரு கை போட்டு, இருபது குத்து. மறுபடி ஒரு கை. கால் மணி நேரம் ஆனது. மூடியைத் திருகி வைத்தேன்.

அந்தப் பெண் சுவரிலிருந்து வந்து, அந்தப் பாட்டிலைப் படுக்க வைத்து, குதிகாலால் ஏறி நின்றது. நடுவில் லேசாக அமுங்கியது. காலால் என் பக்கம் உருட்டிவிட்டது.

"இன்னும் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனது.

மூடியைத் திறந்து குச்சியை எடுத்தேன்.